பம்புசெட் டீலர்களோடு நட்சத்திர ஓட்டலில்

பம்புசெட் கம்பெனி வேலையில் மோட்டார் விற்பது பாதி வேலைதான். விற்றுக் கொடுத்த டீலர்களை வருஷத்துக்கு ஒருமுறை பெரிய நகரம் ஒன்றுக்குக் கூட்டிப்போய், உயர உயரமான ஓட்டலில் தங்கவைத்து, போன மாதிரியே திரும்பக் கொண்டுவந்து அவரவர் வீட்டில் சேர்ப்பது மீதிப் பாதி. உரம், பெயின்ட், சிமென்ட், டயர் என்று எதை விற்கிறவராக இருந்தாலும், டீலர் டூர் போய்வந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படிக்காமலே என் நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடும். இருந்தாலும் படியுங்கள். ஒரே நோய் உள்ள இரண்டு பேர் பேசிக்கொண்டால் கொஞ்சம் ஆறுதல்.

என் வீடு பாளையங்கோட்டையில். பாபநாசத்தில் ஆரம்பித்து ஏரல் வரைக்கும் தாமிரபரணி ஓடுகிற வழியெல்லாம் என் ஏரியா. தெற்கே களக்காடும் சேர்த்தி. எங்கள் டீலர்கள் ஆற்றங்கரைக்காரர்கள். தங்கள் ஊரில் அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. கம்பெனி செலவில் அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோகும்போதுதான் எனக்குச் சோதனை ஆரம்பமாகும்.

லிஃப்டில் போனவர்

ஏரலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் ஆறுமுகம் அண்ணாச்சி. எழுபதை நெருங்குகிறார். என் ஏரியாவில் மூத்த டீலர் அவர்தான். யாரிடமும் போய் வழி கேட்க மாட்டார். எல்லோரும் அவரிடம் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். ஹைதராபாத் போயிருந்தோம். ஓட்டலில் அறைச் சாவி என்பது ஓர் அட்டை. லிஃப்டுக்குள் இருக்கிற சின்னப் பெட்டியில் அந்த அட்டையைக் காட்டினால்தான் நம்முடைய மாடிக்குப் போகும். இதை பஸ்ஸில் வரும்போதே மைக்கில் சொன்னேன். அந்த நேரம் அண்ணாச்சி ஜன்னல் வழியாக ஹைதராபாத்தைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சாயங்காலம் வெற்றிலை வாங்கக் கீழே போனவரைக் காணவில்லை. செல்போன் அறையில் கிடக்கிறது. வாசல் காவலாளி, அவர் திரும்பி உள்ளே போனதைப் பார்த்தேன் என்கிறார். உள்ளே போனவர் மாடிக்கு வரவில்லை. அவர் வீட்டம்மாளுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மாடி மாடியாகத் தேடினேன். கடைசியில் கல்யாண மண்டபம் இருக்கிற தளத்தில் ஆள் கிடைத்தார். யாரோ ஒரு தெலுங்குக்காரர் வீட்டு வரவேற்பு. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் இனிப்புத் தட்டு. பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் போல் இருந்த ஒருவர் இவரிடம் மரியாதையாக ஏதோ தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார், இவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே கூட்டிவந்து விசாரித்தேன். லிஃப்டில் ஏறிப் பொத்தானை அமுக்கியிருக்கிறார், அது அசையவில்லை. வேறு யாரோ ஏறியிருக்கிறார்கள், அது அவர்கள் மாடிக்குப் போயிருக்கிறது. அவர்கள் இறங்க, இன்னொருவர் ஏற, இப்படியே மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தவர், பட்டு வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஒரு கூட்டம் இறங்கினதும் அவர்களோடு இறங்கிவிட்டார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "யார்ட்டயாவது கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம போவேண்டிய எடத்தை அடுத்தவன் முடிவு பண்ணுத வண்டியில நான் இன்னைக்குத்தான் தம்பி மொதல்ல ஏறுதேன்."

கண்ணாடிச் சுவர்

அதே ஓட்டலில் மறுநாள் காலை. வரவேற்பில் இருந்த பெண் எனக்கு போன் செய்தார். "சார், உங்கள் விருந்தினர்கள் அறைக்கு வெளியே நிற்கிறார்கள். ஏதாவது பிரச்சினையா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நீளமான வராண்டா, தரை முழுக்கக் கம்பளம், சுவரில் தங்க நிற விளக்குகள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு ஆள் நிற்கிறார். இடுப்பில் சாரம், தோளில் துண்டு, சிலர் கையில் பல் துலக்குகிற பிரஷ். அந்த வழியாக வந்த வெளிநாட்டுத் தம்பதி ஒன்று, நடுவில் நடந்துபோகலாமா என்று தெரியாமல் தயங்கி நின்றது.

விஷயம் இதுதான். அந்த ஓட்டலில் குளியலறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவே சுவர் கிடையாது, கண்ணாடி. இந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருப்பவருக்கு அந்தப் பக்கம் குளிப்பவர் முழுசாகத் தெரிவார். ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று போட்டிருந்தோம். ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர் கண்ணியமாக வெளியே வந்து நின்றுவிட்டார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குளிக்கிற பழக்கம் என்பதால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே.

கட்டில் பக்கத்திலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை அமுக்கினால் கண்ணாடிக்குத் திரை இறங்கிவிடும் என்று ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுத்துக்கொண்டே போனேன். கடைசி அறை வாசலில் களக்காடு டேனியல். சர்ச் கமிட்டியில் இருப்பவர், அதிர்ந்து பேச மாட்டார். சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சுவிட்ச் விவரத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "இல்ல சார், இத்தனை மாடி கட்டுனவன், அங்கன மட்டும் கண்ணாடியை வைக்கும்போது மனசுல என்ன நெனச்சிருப்பான்னுதான் யோசிச்சிட்டு நிக்கேன்."

ஒரே கட்டில்

டேனியலைப் பற்றிச் சொன்னால் கல்லிடைக்குறிச்சி சங்கரலிங்கத்தையும் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பல வருஷமாகவே கிடையாது. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தோப்புக்காரருக்கு யார் மோட்டார் கொடுப்பது என்பதில் வந்த தகராறு. தோப்புக்காரர் கடைசியில் வேறு கம்பெனி மோட்டாரை வாங்கிப் போட்டுவிட்டார். இவர்கள் சண்டை மட்டும் நிலைத்துவிட்டது. கூட்டங்களில் இரண்டு பேரையும் இரண்டு ஓரத்தில் உட்காரவைப்பது என் பொறுப்பு. ஒருவர் வருகிற கல்யாணத்துக்கு மற்றவர் மறுநாள் போய் மொய் எழுதுவார்.

மும்பை டூரில், அறை ஒதுக்கியது சென்னை ஆபீசில் இருக்கிற ஒரு புதுப் பையன். அவனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுவிட்டான். அதுவும் தனித்தனிக் கட்டில் இல்லை. ஒரே பெரிய கட்டில். ஓட்டலில் ஏதோ டாக்டர்கள் மாநாடு. மாற்றிக் கொடுக்க வேறு அறை இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மற்ற டீலர்களிடம் மாறிக்கொள்ளச் சொல்லலாம் என்றால், எல்லோரும் அதற்குள் அறைக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள், சிலர் குளித்தும்விட்டார்கள். நான் இருவரையும் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் டேனியல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தார். சங்கரலிங்கம் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்து போனார்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. காலையில் சாப்பாட்டு அறையில் சங்கரலிங்கம் தட்டில் பொங்கலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், "எப்படி அண்ணாச்சி போச்சு?" என்று பைய விசாரித்தேன். நடுவில் இரண்டு தலையணையை நீளமாகப் போட்டு எல்லை கட்டிவிட்டாராம் டேனியல். இவரும் அதை ஏற்றுக்கொண்டாராம். "பேசினீங்களா?" என்றேன். பொங்கலில் மிளகைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தபடி சொன்னார்: "பேசல. ஆனா அந்த மனுசன் விடுத கொறட்டையைக் கேட்டப்பொறவு, அவரு வீட்டுக்காரம்மா மேல எனக்கு ஒரு மரியாதை வந்துட்டு."

படி வழியாக

அதே மும்பை ஓட்டல், அதே காலை. சாப்பிட்டு முடித்து எல்லோரும் சுற்றிப் பார்க்கக் கிளம்புவதற்காக மேலே அறைக்குப் போயிருந்தார்கள். எங்கள் அறைகள் இருபத்தேழாவது மாடியில். திடீரென்று காதைக் கிழிக்கிற மாதிரி அலாரம் அடித்தது. லிஃப்டெல்லாம் நின்றுபோயின. தீ என்று ஒரு குரல், படி வழியாக இறங்குங்கள் என்று இன்னொரு குரல். புகையும் இல்லை, வாடையும் இல்லை. ஆனாலும் பயம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார்கள். கடைசியில் பார்த்தால் ஆறுமுகம் அண்ணாச்சி அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்ட வருஷம் அது. "நீங்க முன்னால போங்க. நான் பைய வாரேன்" என்றார். பைய வருகிற உயரமா அது?

அந்த நேரம் பக்கத்து அறையிலிருந்து டேனியல் வந்தார், பின்னாலேயே சங்கரலிங்கமும். இருவரும் நிலைமையைப் பார்த்தார்கள். சங்கரலிங்கம் மேஜைப் பக்கத்திலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துவந்தார். டேனியல் அண்ணாச்சியைத் தூக்கி அதில் உட்காரவைத்தார். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். நான் அண்ணாச்சியின் செருப்பையும் பையையும் எடுத்துக்கொண்டு வழிவிடச் சொல்லிக்கொண்டே போனேன். பேசாமல் ஒரு நாற்காலியைப் படியில் இறக்க முடியாது; நீங்கள் வேண்டுமானால் செய்து பாருங்கள். முதலில் அண்ணாச்சி வழியாகப் பேசினார்கள். "அண்ணாச்சி, முன்னால போறவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க" என்பார் டேனியல். "அண்ணாச்சி, பின்னால வாரவரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க" என்பார் சங்கரலிங்கம். நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அண்ணாச்சி இரண்டையும் அப்படியே திருப்பிச் சொன்னார். பாதி தூரத்தில் ஒரு திருப்பத்தில் டேனியலுக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்தது. சங்கரலிங்கம் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "வேய், பிடியும் வே" என்றார். நேராக, அவரிடமே.

கீழே புல்தரையில் நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள். தீ ஒன்றும் இல்லை, சமையல்கட்டில் ஏதோ ஆவி பட்டு அலாரம் அடித்துவிட்டது என்று ஓட்டல்காரர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் இருவரும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. "எடப்பக்கம் தாழ்த்திப் பிடிச்சது நீரு" என்று சங்கரலிங்கமும், "முன்னால ஓடுனது நீரு" என்று டேனியலும் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து பேச்சு சேரன்மகாதேவித் தோப்புக்குப் போய், தோப்புக்காரரின் மச்சானுக்குப் போய், அடக்கிவைத்திருந்த அத்தனை வருஷமும் வெளியே வந்தது. நாற்காலி இன்னும் இருவர் கையிலும் அந்தரத்தில்தான் இருந்தது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசிட்டியள்லா? இனி என்னைக் கீழ எறக்குங்க."

மேல்மாடிக் குளம்

பெங்களூரு ஓட்டலில் உச்சி மாடியில் நீச்சல் குளம். குளத்தின் விளிம்பு கண்ணாடி; நீரில் நின்றால் நகரம் முழுக்கக் காலடியில் தெரியும். ஆற்றில் குளித்து வளர்ந்த ஆட்களுக்கு இது போதாதா? விடிந்ததும் ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. தலைமை சங்கரலிங்கம். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, இடுப்பில் ஒரு துண்டு, கையில் சீயக்காய்ப் பொட்டலம். லிஃப்டில் அவர்களோடு ஏறிய ஒருவர் எண்ணெய் வாடையில் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டாராம்.

குளத்தில் காவலுக்கு நின்ற வடகிழக்குப் பையன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றுகொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. இவர்களுக்கு அவன் பேசிய இந்தி தெரியாது. சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். என்னை வரச் சொல்லி போன் வந்தது. நான் போய்ப் பலகையைப் படித்து விளக்கினேன். நைலான் உடை போட வேண்டும், எண்ணெய் கூடாது, சோப்புக் கூடாது, குளத்தில் இறங்குவதற்கு முன்னால் அந்த ஓரத்தில் இருக்கிற குழாயடியில் நன்றாகக் குளித்துவிட்டு வர வேண்டும். சங்கரலிங்கம் பலகையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், சீயக்காய்ப் பொட்டலத்தைத் துண்டில் முடிந்துகொண்டார். மற்றவர்களைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார்: "வாங்க வே, போவோம். குளிச்சிட்டு வந்துதான் குளிக்கணுமாம். அழுக்கு இல்லாதவன் எறங்குத தண்ணி இது."

சாருக்கு ஒரு பெல்ட்

சேரன்மகாதேவியில் மோட்டார் கடை நடத்துகிறவர் முத்துலட்சுமி அக்கா. கணவர் நடத்திய கடை. அவர் நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது, கடையைக் கைமாற்றிவிட்டுப் பேசாமல் இரு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அக்கா காரியம் முடிந்த மறுவாரம் கடையைத் திறந்து உட்கார்ந்தார். முதலில் விவசாயிகள் வாசலில் நின்று, ஆம்பளை யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். பிறகு கிணற்று ஆழத்தையும் பைப் அளவையும் அக்காவிடமே சொல்ல ஆரம்பித்தார்கள். நாலாவது வருஷம் என் ஏரியாவில் அதிகம் விற்றது அவர்தான். டூருக்கு முதல்முறையாக வந்தார்.

டூரில் பகலில் டீலர்களுக்குக் கூட்டம் இருக்கும். அந்த நேரம் உடன் வந்த மனைவிமார்களுக்கு வேறொரு மண்டபத்தில் மருதாணி போடுவது, கோலப் போட்டி என்று ஏதாவது வைப்பார்கள். வாசலில் நின்ற பெண் அக்காவைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு மருதாணிப் பக்கம் அனுப்பிவிட்டாள். நான் கவனிக்கவில்லை. கூட்டம் தொடங்கிப் புது மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ஒரு கையில் ஈர மருதாணியோடு அக்கா உள்ளே வந்து, முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மருதாணி படாத கையால் பேனாவை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் விருது விழா. மேடையில் விளக்கு, புகை, பாட்டு. அறிவிப்பாளர் கடையின் பெயரைச் சொல்லி அழைத்தார். அக்கா பட்டுச் சேலையில் மேடையேறினார். அந்த அறிவிப்பாளர்ப் பெண் அவருக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, "சார் வரலீங்களா மேடம்?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டார். அரங்கத்தில் எங்கள் ஏரியா ஆட்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மைக்கை வாங்கி, "சார் போய்ச் சேந்து நாலு வருசம் ஆச்சும்மா. மோட்டார் விக்கது நாந்தான்" என்றார். சத்தத்தை உயர்த்தவில்லை. முதலில் கைதட்டியது டேனியல். பிறகு எல்லோரும் எழுந்து தட்டினார்கள். கையில் கொடுத்த பரிசுப் பெட்டியை அக்கா கீழே வந்து பிரித்தார். உள்ளே தோல் பெல்ட்டும் ஆண்கள் வைத்துக்கொள்கிற மணிபர்ஸும். என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்தில் போய், மாற்றித் தரச் சொல்கிறேன் என்றேன். பெட்டியை மூடி என்னிடமே நீட்டினார். "அடுத்த வருசமும் நாந்தான் வாங்கப் போறேன். இப்பவே சேலைன்னு எழுதி வச்சிக்கிடுங்க தம்பி."

டெல்லியில் இருந்தபோது பெய்த மழை

மார்கழிக் குளிரில் டெல்லி. நாங்கள் கிளம்பும்போது ஊரில் தூறல்தான். போன மறுநாள் காலை, ஓட்டல் அறைகளில் இருக்கிற சுவரளவு டிவியில் யாரோ தமிழ்ச் சேனலைக் கண்டுபிடித்தார்கள். ஆறு கரையை உடைத்துக்கொண்டு போகிறது. பார்த்த பாலங்கள், பார்த்த தெருக்கள், ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. ஏரலுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர் என்று சொன்னார்கள். ஆறுமுகம் அண்ணாச்சிக்கு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டில் அவருடைய மனைவி மட்டும். போன் போகவில்லை.

சுற்றிப் பார்க்கப் போகிற பஸ் கீழே நின்றது. கம்பெனி மேலாளர் எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். எல்லோரும் அண்ணாச்சி அறைக்கு வந்துவிட்டார்கள். கட்டிலில், தரையில், ஜன்னல் மேடையில் என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி குரங்குக் குல்லாவோடு நாற்காலியில், கையில் ரிமோட். ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி அக்காதான் முதலில், "சும்மா பாத்துட்டே இருந்தா ஆச்சா?" என்று தன் போனை எடுத்தார். மோட்டார் வாங்கிய ஆட்களுக்கெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒருவர், ஆழ்வார்திருநகரியில் ஒருவர் என்று ஆற்றங்கரை நெடுக எங்களுக்கு ஆள் உண்டு. பாதிப் பேருக்கு போன் போகவில்லை; போனவர்கள் தாங்களே மாடியில் நிற்பதாகச் சொன்னார்கள். டேனியலின் தங்கை கணவர் சாயர்புரத்தில் வாத்தியார். அது மேடு. அவர் கிடைத்தார். படகு வைத்திருக்கிற கடற்கரை ஆட்கள் ஏரல் பக்கம் போகிறார்கள், அவர்களிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். அண்ணாச்சி வீட்டு அடையாளத்தை அவருக்குச் சொன்னது சங்கரலிங்கம். அன்று பூரா சாப்பிட யாரும் கீழே போகவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த ஒடிசாக்காரர் டிவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு தள்ளுவண்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணாச்சி என்னிடம் கொடுத்துவிட்டார், எடுக்கப் பயம். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அவர் மனைவியின் குரல்தான். எதிர்த்த வீட்டுக் கருப்பட்டி வியாபாரி மாடியில் ஊரே இருக்கிறதாம். படகில் வந்தவர்கள் பாலும் ரொட்டியும் கொடுத்தார்களாம். அவர்களில் ஒருவருடைய போனிலிருந்துதான் பேசுகிறாராம். அண்ணாச்சி போனை வாங்கினார். "கடை?" என்று ஒரே வார்த்தை கேட்டார். அந்த அம்மா சொன்னார்கள்: "கடை கூரை வரைக்கும் முங்கிட்டு. நீங்க வெசனப்படாதீங்க. தண்ணிக்குள்ள ஓடுத மோட்டார்தான அம்புட்டும், கெடந்துட்டுப் போவுது."

சொந்தச் செலவில்

இத்தனை ஓட்டல் பார்த்துவிட்டோமே, வீட்டில் இருப்பவர்களையும் ஒரு தடவை கூட்டிப்போவோம் என்று போன கோடை விடுமுறையில் தோன்றியது. என் மனைவியையும் மகளையும் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்குக் கூட்டிப்போனேன். உயரமான மாடி, ஜன்னலில் கடல். மகள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. எனக்கு மட்டும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வராண்டாவில் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்து அறையில் வெந்நீர் வருகிறதா என்று கேட்கத் தோன்றியது. கதவைத் தட்டப் போன கையைக் கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டேன். வரவேற்பிலிருந்து வேறு எதற்கோ போன் வந்தபோது, எடுத்த எடுப்பிலேயே, "யாரு, நம்ம ஆளா? என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் காலை சாப்பிடப் போனோம். இவர்கள் இருவரும் தட்டை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் வழக்கம்போல் வாசலருகே நின்று, வருகிறவர்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. யாரோ ஒரு சர்தார்ஜி குடும்பத்துக்கு மேஜைகூடக் காட்டினேன் என்று மகள் அப்புறம் சொன்னாள். மனைவி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "நாங்க ரெண்டு பேருதான் வந்திருக்கோம். எண்ணுனது போதும், வந்து உக்காந்து சாப்பிடுங்க."

ஆக, நாட்டில் இருக்கிற நல்ல நல்ல ஓட்டல்களில் எல்லாம் நானும் தங்கியிருக்கிறேன் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். தூங்கினேனா என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.